ஏழாம் மாதத்து ரங்கூன் மல்லி

குடியாத்தத்தில் ஒரு வீட்டின் மேற்குச் சுவர் முழுவதையும் ரங்கூன் மல்லி மூடியிருந்தது. மதிலோரம் வேர்விட்டு ஏறிய கொடி, மாடியின் கைப்பிடிச் சுவருக்குள் நுழைந்து செங்கற்களை நெம்பியிருந்தது. படுக்கையறை வெண்டிலேட்டரின் உடைந்த கண்ணாடி வழியே இரண்டு தளிர்கள் உள்ளே எட்டிப் பார்த்தன. அதற்கு நேர்கீழே மங்கையர்க்கரசியின் கட்டில். வீட்டில் வேறு அறை இல்லை. போய்த் தங்க அவளுக்குத் தாய்வீடும் இல்லை.

அவளுக்கு ஏழாம் மாதம். முந்தைய கர்ப்பம் பாதியில் கலைந்திருந்தது. அந்தச் சமயத்தில் அவள் கணவன் தணிகாசலம் வாசல் முருங்கையின் கிளை ஒன்றை வெட்டியிருந்தான். டாக்டர் சொன்ன காரணம் வேறு. ஆனால் கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பச்சையை வெட்டக்கூடாது, பாம்பை அடிக்கக்கூடாது என்பது மாமியார் வடிவாம்பாளின் நம்பிக்கை. அவள் அந்தக் கிளையை மறக்கவில்லை. தணிகாசலமும் மறக்கவில்லை. அதன் பிறகு அவன் கையில் கத்தியை யாரும் பார்த்ததில்லை.

அரசிக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. கொடியை வெட்டச் சொல்லி அவள் நச்சரித்துக்கொண்டே இருந்தாள். அதனால் வளைகாப்பு முடிந்த கையோடு, வடிவாம்பாள் மருமகளின் கையை அவள் வயிற்றின் மேலேயே வைத்துச் சத்தியம் வாங்கினாள். பிள்ளை பிறக்கும்வரை அந்தக் கொடியில் கத்தி வைக்க யார் வந்தாலும் அரசி விடக்கூடாது. வெட்டச் சொன்னவளே அதற்குக் காவல் ஆனாள்.

ஒருநாள் இலைகளுக்குள் ஏதோ வழுக்கிப் போனது. காற்று இல்லை. ஒரே கோட்டில் இலைகள் அசைந்து அடங்கின. அரசி அதைப் பக்கத்து வீட்டு எஸ்தரிடம் மதிலுக்கு மேலாகச் சொன்னாள்.

"சாரையாத்தான் இருக்கும். உன் வீட்டுக்காரர் விடுற குறட்டைக்கு அது ஊரை விட்டே ஓடிடும்" என்றாள் எஸ்தர். அரசி சிரிக்காததைப் பார்த்துத் தானும் நிறுத்திக்கொண்டாள். "எங்களுக்கு இந்தச் சாஸ்திரம் ஒண்ணும் இல்ல. நான் வந்து வெட்டட்டுமா?"

"கத்தியோட வந்தா உங்களையும் நான் தடுக்கணும் அக்கா. வயித்துமேல சத்தியம் பண்ணியிருக்கேன்."

எஸ்தர் கொடியின் அடியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

தணிகாசலம் கோணிச்சாக்கைச் சுருட்டி வெண்டிலேட்டரில் அடைத்தான். "இனிமே உள்ள வராது. அதுக்கு நான் பொறுப்பு" என்றான்.

சில நாட்களில் கொடியின் இலைகள் பழுத்து உதிர ஆரம்பித்தன. நல்ல மழை பெய்துகொண்டிருந்த காலம் அது. யாரும் கொடியைத் தொட்டதாகத் தெரியவில்லை. வடிவாம்பாள் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு மருமகளின் வயிற்றையே பார்த்தாள்.

"தானா வாடுதே" என்றாள்.

அன்று அரசி வயிற்றின் மேல் கைவைத்து அசைவுக்காகக் காத்திருந்தாள். இதற்கு முன் அவள் அப்படிக் காத்திருந்ததில்லை. அசைவு வரத் தாமதமானது.

மறுநாள் மதியம் படுத்திருந்தபோது சாக்கு நகர்ந்தது. நகர்ந்து, அவள் காலருகே விழுந்தது. அது இருந்த இடத்தில் ஒரு தலை நீண்டு, நின்று, இறங்க இடம் தேடியது. அரசி கத்தவில்லை. கையை ஊன்றிப் பக்கவாட்டில் எழுந்து, மெதுவாக விலகி, வாசற்படிக்கு வந்தபிறகுதான் "ஏங்க" என்று கூப்பிட்டாள்.

தணிகாசலம் தடியோடு உள்ளே போனபோது அது மறுபடி கொடிக்குள் போயிருந்தது. அவன் தடியை எறிந்துவிட்டு வெளியே ஓடிக் கொடியை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தான்.

"டேய் தணிகா!"

"கத்தி இல்லம்மா. பாரு, வெறுங்கை!"

பச்சைத் தண்டுகள் நார்நாராகப் பிய்ந்தன. முட்கள் அவன் உள்ளங்கையைக் கிழித்தன. அவன் இன்னும் ஓங்கி இழுக்க, கைப்பிடிச் சுவரின் செங்கற்கள் கொடியோடு பெயர்ந்து, அரசி நின்ற படிக்குப் பக்கத்தில் விழுந்து உடைந்தன. அவன் கையை விட்டான்.

சத்தம் கேட்டு எஸ்தர் மதிலோரம் வந்தாள். உடைந்த செங்கற்களைப் பார்த்தாள். வடிவாம்பாளின் முகத்தைப் பார்த்தாள்.

"பெரியம்மா, தானா வாடல. வேர்ல உப்புத் தண்ணி ஊத்தினது நான்தான். யாருக்கும் பாவம் வராம போகட்டும்னு ஊத்தினேன்."

"நீயா" என்றாள் வடிவாம்பாள். அது கோபமா நிம்மதியா என்று அரசிக்குத் தெரியவில்லை. வடிவாம்பாள் உள்ளே போய்க் கொடுவாளோடு வந்தாள்.

அரசி குறுக்கே போய் நின்றாள். "அத்தை, யார் வந்தாலும்னு சொன்னீங்க."

வடிவாம்பாள் கொடுவாளைத் தரையில் வைத்தாள். மருமகளின் கையைப் பிடித்து அவள் வயிற்றின் மேல் வைத்தாள். பிறகு அதே கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

"சத்தியம் வாங்கினவ நான். திருப்பிக் குடுத்துட்டேன். வர்றது என் தலைக்கு வரட்டும். இப்ப தள்ளு."

அரசி விலகினாள். வடிவாம்பாள் குனிந்து அடித்தண்டில் வெட்டினாள். அதிர்வில் சாரை ஒன்று இறங்கி எஸ்தரின் பக்கம் ஓடியது. "மேல இருக்கறது காயட்டும், யாரும் இழுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, வடிவாம்பாள் கொடுவாளைக் கழுவப் போனாள்.

தணிகாசலம் கத்தியைத் தொடாமல் கொடியை எடுக்கப் பார்த்தான். எஸ்தர் யார்மீதும் பாவம் விழாதபடி அதைச் சாகவிடப் பார்த்தாள். வடிவாம்பாள் தான் போட்ட தடையைத் தானே மீறினாள். இவர்களில் யார் செய்தது சரி?

விடை: வடிவாம்பாள் செய்ததே சரி. பிய்த்தாலும் பச்சை பச்சைதான். தணிகாசலம் சத்தியத்தின் சொல்லைக் காப்பாற்றி, அந்தச் சத்தியம் யாரைக் காக்க வாங்கப்பட்டதோ அவள் பக்கத்திலேயே செங்கல்லை விழவைத்தான். எஸ்தரின் மனதில் குறை இல்லை. ஆனால் அவள் மறைத்துச் செய்ததால், காரணம் தெரியாத அந்த வாட்டம் சாஸ்திரம் நம்பாத அரசியையும் வயிற்றில் கைவைத்துக் காத்திருக்கச் செய்தது. வடிவாம்பாள் மட்டுமே எல்லார் கண்முன்னும் செய்தாள். பயம் அவளுடையது, அதைச் சுமக்க மருமகளை வைத்திருந்தாள். அந்தச் சுமையைத் திரும்ப வாங்கிக்கொண்ட பிறகே வெட்டினாள். குழந்தை எப்படிப் பிறந்தது என்று இந்தக் கதை சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் தீர்ப்புச் சொல்ல முடியும் என்பவர் இன்னும் அந்த முருங்கைக் கிளையின் கீழேதான் நிற்கிறார்.