இரண்டு அளவு பெரியது

சுகிர்தாவிடம் கற்க வந்தவர் அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். பெயர் தில்லையம்பலம். சுவிஸ் மலையூர் ஒன்றில், விடுதிச் சமையலறையில் முப்பது வருட வேலை. அத்தனை வருடத்தில் ஒரு நாளும் அவர் பனியில் சறுக்கியதில்லை. அவர் அறிந்த பனி, விடுதியின் பின்வாசலில் மண்வாரியால் அள்ளிக் கொட்டுகிற பனி.

சுகிர்தா அதே ஊரில், பனிச்சறுக்குப் பலகைகளை வாடகைக்கு விடும் கடையில் இருந்தாள். அங்கே எல்லோரும் அதை ஸ்கீ என்றுதான் சொல்வார்கள். கம்பனிகள் புது ஸ்கீகளை அனுப்பும்போது சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. பெயர் தெரியாதபடி கறுப்பு நாடா ஒட்டி மறைத்துவிட்டு மலைக்குக் கொண்டுபோவாள். புதுப்பனியில் ஓடிப் பார்ப்பாள். இறுக்கிய பாதையில், வெயிலில் இளகிய பனியில், நிழல் பக்கத்து உறைபனியில் ஓடிப் பார்ப்பாள். திரும்பி வந்து, எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்வாள். அதற்கு மேல் பேசமாட்டாள்.

ஒருமுறை ஒரு கம்பனிக்காரர் வந்தார்.

"இது எல்லாப் பனிக்கும் ஏற்ற ஸ்கீ."

"எந்தப் பனியில் ஓடிப் பார்த்தீர்கள்?"

"எல்லாப் பனியிலும் சோதித்திருக்கிறோம்."

"நீங்களா?"

அவர் சிரித்தார். "நான் விற்பனைப் பிரிவு."

சுகிர்தா ஸ்கீயை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "புதுப்பனியில் தாழ்கிறது. உறைபனியில் வழுக்குகிறது. உங்கள் அலுவலகச் சுவரில் நன்றாக நிற்கும்."

இந்தக் கதை விடுதிச் சமையலறைக்கும் வந்து சேர்ந்தது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தில்லையம்பலம் சிரிக்கவில்லை. மறுநாள் வேலை முடிந்ததும் கடைக்குப் போனார்.

"எனக்கு ஸ்கீ பழக்கிவிடவேணும்."

சுகிர்தா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் பழக்கிறேல்லை அண்ணை. அதுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு."

"அவையள் சறுக்கப் பழக்குவினம். நான் சோதிக்கப் பழகவேணும்."

"என்னத்தைச் சோதிக்க?"

"ஒரு சோடி ஸ்கீச் சப்பாத்து."

அவர் யாரென்று சுகிர்தாவுக்குத் தெரியும். ஊர் முழுவதற்கும் தெரியும். இரண்டு குளிர்காலத்துக்கு முன் அவருடைய ஒரே மகன் நிரோஜன், பதினாறு வயது, நிழல் பக்கத்துச் சரிவின் வளைவில் திரும்பாமல் நேரே போய்ப் பாறையில் மோதினான். அங்கேயே முடிந்துவிட்டது.

"அண்டைக்கு அவன் போட்டிருந்த சப்பாத்து," என்றார் தில்லையம்பலம். "நான்தான் வாங்கிக் குடுத்தனான். ரெண்டு அளவு பெரிசா."

"ஏன் பெரிசா?"

"வளர்ற பிள்ளைதானே. அடுத்த வருசத்துக்கும் கிடக்கட்டும் எண்டு. பள்ளிக்கூடச் சப்பாத்தும் அப்பிடித்தான் வாங்கிறனாங்கள். ஊரில என்ரை ஐயா எனக்கும் அப்பிடித்தான் வாங்கினவர்."

சுகிர்தா வாடகைப் புத்தகத்தை மூடி வைத்தாள்.

"பொலிஸ் பனி எண்டுது. ஐயர் விதி எண்டார். சனம் முழுக்க உன்ரை பிழையில்லை எண்டுது. ஆரும் அந்தச் சப்பாத்தைப் போட்டுப் பாத்திட்டுச் சொல்லேல்லை. நீங்கள் பாத்திட்டுத்தான் சொல்லுவியள் எண்டு கேள்விப்பட்டனான்."

"தெரிஞ்சு என்ன செய்யப் போறியள்?"

"தெரியாமல் இருந்து பாத்திட்டன்."

சுகிர்தா கடையின் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். கதவருகே வந்து நின்றாள்.

"நாளைக்குக் காலமை வாங்கோ. அந்தச் சப்பாத்தைக் கொண்டு வரவேண்டாம்."

சமையலறையில் அவருடன் வேலை செய்த மரியதாஸ் இதைக் கேட்டுக் கரண்டியைக் கீழே வைத்தான்.

"உனக்கு உருளைக்கிழங்கு மூட்டை தூக்கேக்கையே கால் தடுமாறுது. நீ மலையில சறுக்கப் போறியோ? இடுப்பெலும்புக்குக் காப்புறுதி எடுத்திட்டுப் போ."

"எடுத்திட்டன்."

"விசரன்," என்றான் மரியதாஸ். ஆனால் அந்தக் குளிர்காலம் முழுவதும் அவருடைய காலை வேலையை அவனே பார்த்தான்.

முதல் நாள் சுகிர்தா அவரை மலைக்குக் கூட்டிப் போகவில்லை. கடை வாங்குப்பலகையில் இருத்தி, ஒரு சப்பாத்தை மாட்டிவிட்டாள். கல் போன்ற சப்பாத்து. அதன் கொழுவிகளை ஒவ்வொன்றாக இறுக்கினாள்.

"எழும்புங்கோ."

"ரீச்சர், விரல் முன்னுக்கு முட்டுது."

"முட்டவேணும். என்னை ரீச்சர் எண்டு கூப்பிடாதேங்கோ."

"நோகுது ரீச்சர்."

"முழங்காலை மடியுங்கோ. இன்னும். சறுக்கிறமாதிரி."

மடித்தார். குதிக்கால் பின்னுக்குப் போய் அமர்ந்தது. விரல் நுனி விலகியது.

"இப்ப?"

"இப்ப முட்டேல்லை."

"அதுதான் உங்கட அளவு."

தில்லையம்பலம் முழங்கால் மடித்தபடியே நின்றார். கடைக்கு வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"கடையில வைச்சு அவனைக் கேட்டனான். எப்பிடிடா இருக்கு எண்டு. சுகமாக் கிடக்கு அப்பா எண்டவன்."

"சுகமாத்தான் இருந்திருக்கும்," என்றாள் சுகிர்தா.

பிறகு மலை. விழுவதும் எழுவதுமாகச் சில வாரங்கள் போயின. அவர் விழுந்தால் சுகிர்தா கை கொடுக்கமாட்டாள். எழும்பும்வரை பக்கத்தில் நின்று வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள். சின்னப் பிள்ளைகள் அவரைக் கடந்து குருவிகள் மாதிரிப் போவார்கள்.

புதுப்பனி விழுந்த ஒரு நாள், இரண்டு சோடி ஸ்கீகளை அவர் முன் வைத்தாள். ஒன்று ஒடுங்கியது. மற்றது அகலமானது.

அவர் ஒடுங்கியதை எடுத்தார். பத்தடி போகுமுன் முழங்கால்வரை புதைந்தார். அவள் அகலமானதைக் காட்டினாள். அதை மாட்டியதும் பனிக்கு மேலே மிதந்தார்.

"ரீச்சர், இது கடவுள்!"

அன்றிரவு பனி இறுகியது. மறுநாள் அவர் கேட்காமலே அகலமானதை எடுத்துக்கொண்டு வந்தார். முதல் திருப்பத்திலேயே பக்கவாட்டில் வழுக்கிப் போய் வேலியில் மாட்டிக்கொண்டார்.

"என்ன ஸ்கீ இது, சோப்புக்கட்டி மாதிரி!"

"நேத்து இதைத்தானே கடவுள் எண்டனீங்கள்."

ஒடுங்கியதன் விளிம்பை அவள் தீட்டிக் கொடுத்தாள். அது உறைபனியைக் கடித்துப் பிடித்தது. மாசி முடிவதற்குள் அவருக்குக் கால் பழகிவிட்டது. காலடியில் பனி எழுப்பும் சத்தத்தைக் கேட்டே, இன்றைக்கு எந்த ஸ்கீ என்று சொன்னார். பெரும்பாலும் சரியாக இருந்தது.

ஒவ்வொரு நாளும் ஒரு கேள்வி கேட்பார்.

"இண்டைக்குச் சோதிப்பமே?"

"இன்னும் இல்லை."

"ஏன்?"

"இப்ப விழுந்தால் நீங்கள் விழுந்ததோ, சப்பாத்து விழுத்தினதோ எண்டு தெரியாது."

அவர் விழாமல் இறங்கத் தொடங்கியபின் ஒருநாள், அவர் கேட்குமுன்னரே சொன்னாள்.

"நாளைக்குக் கொண்டு வாங்கோ."

சப்பாத்து வீட்டில் கட்டிலின் கீழ் ஒரு பையில் இருந்தது. தில்லையம்பலம் குனிந்தபோது அவர் மனைவி தவமலர் அவரை விலக்கிவிட்டுத் தானே இழுத்தெடுத்தாள். தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"என்னெண்டு தெரிஞ்சால் எனக்குச் சொல்லாதேங்கோ," என்றாள். பையைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தகப்பனுக்கும் மகனுக்கும் ஒரே அளவுக் கால். சுகிர்தா அவருடைய இடது காலில் அவர் வழக்கமாகப் போடும் சப்பாத்தை விட்டாள். வலது காலில் நிரோஜனுடையதை மாட்டச் சொன்னாள்.

"ரெண்டு காலிலயும் அவன்ரையைப் போடுறன்."

"ரெண்டும் அதெண்டால் எதோட ஒப்பிடுறது?"

தில்லையம்பலம் வலது காலில் இன்னொரு காலுறையை இழுத்துப் போட்டார். "அவன் ரெண்டு மேஸ் போடுறவன்."

சுகிர்தா கொழுவிகளைக் கடைசிப் பல்லுவரை இறுக்கினாள். அப்படியும் அவளுடைய விரல் ஒன்று இடையில் போய் வந்தது. அவர் அதைப் பார்த்தார்.

மலையின் மேலே புதுப்பனி இருந்தது. வலது, இடது என்று மாறி மாறித் திரும்பினார்.

"வித்தியாசமே இல்லை, ரீச்சர்."

கீழே, இறுக்கிய பாதையில் ஓடினார்.

"கொஞ்சம் ஆடுது. ஆனாத் திரும்புது. பாத்தியளே? திரும்புது."

பாதை முடிவில் நின்று மூச்சு வாங்கினார். அவர் முகத்தில் இரண்டு வருடமாக இல்லாத ஒரு நிறம் வந்திருந்தது.

"சப்பாத்தில பிழையில்லை. வீட்டை போய் மனிசியிட்டைச் சொல்லப் போறன். வேண்டாம் எண்டாலும் சொல்லுவன்."

"இன்னும் ஒரு பனி இருக்கு," என்றாள் சுகிர்தா.

நிழல் பக்கத்துச் சரிவுக்குப் போனார்கள். அங்கே வெயில் மத்தியானத்திலும் வருவதில்லை. பனி நீல நிறத்தில், பீங்கான் மாதிரிக் கிடந்தது. சரிவின் கீழே வளைவு. வளைவுக்கு அப்பால் இப்போது மஞ்சள் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு அப்பால் பாறைகள். அவர்கள் வளைவுக்கு நெடுந்தூரம் மேலே, சரிவு அகலமாக இருக்கும் இடத்தில் நின்றார்கள்.

"முதல் வலப்பக்கம் திரும்புங்கோ. இடது காலில அழுத்தி."

அழுத்தினார். ஸ்கீயின் விளிம்பு உறைபனியில் சரக்கென்று இறங்கியது. திரும்பினார்.

"இப்ப இடப்பக்கம். வலது காலில அழுத்தி."

அழுத்தினார். சப்பாத்துக்குள் குதிக்கால் எழும்பியது. பாதம் திரும்பியது. சப்பாத்து திரும்பவில்லை. ஸ்கீ தன்பாட்டில் நேரே ஓடியது. அவர் விழுந்து, கவிழ்ந்த சட்டி மாதிரிச் சுழன்றுகொண்டு வழுக்கினார். சுகிர்தா குறுக்கே வந்து தன் ஸ்கீயால் அவரைத் தடுத்து நிறுத்தினாள்.

"நான் கிழவன்," என்றார். "கால் பலமில்லை."

"இடது காலுக்கும் அதே வயசுதான்."

எழும்பினார். இன்னொரு முறை இடது காலில் அழுத்தித் திரும்பினார். திரும்பியது. வலது காலில் அழுத்தினார். விழுந்தார்.

மூன்றாம் முறை விழுந்தபோது எழும்பவில்லை. உறைபனியில் அப்படியே இருந்தார். மேலே யாரோ சிரித்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

"அவன் காலைத் திருப்பியிருப்பான்," என்றார்.

"ஓம்."

"நேரத்துக்குத்தான் திருப்பியிருப்பான்."

"ஓம்."

"கால் திரும்பியிருக்கும்."

"ஓம்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். உன்ரை பிழையில்லை என்று ஊர்ச்சனம் இரண்டு வருடமாகச் சொல்லிவந்த அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தார். சுகிர்தா அதைச் சொல்லவில்லை. வேறு பக்கம் பார்க்கவும் இல்லை.

தில்லையம்பலம் கையுறையைக் கழற்றினார். வலது சப்பாத்தின் கொழுவிகளைத் திறக்கத் தொடங்கினார். ஒன்றைத் திறந்தார். அடுத்ததைத் திறந்தார்.

"என்ன செய்யிறியள்?"

"இதை இனிப் போட ஏலாது."

"மேசோட இந்தப் பனியில இறங்குவியளே?"

"கம்பி லிஃப்டில இறங்க ஏலாதே?"

"இந்தப் பக்கம் இல்லை."

"என்ரை மற்றச் சப்பாத்து?"

"கடையில."

அவர் திறந்த சப்பாத்தோடு இருந்தார். குளிர் உள்ளே போனது.

"இதைப் போட்டுக்கொண்டு நான் என்னெண்டு இறங்கிறது, ரீச்சர்?"

சுகிர்தா மெல்ல வழுக்கிக் கீழே போனாள். அவருக்கும் பாறைகளுக்கும் நடுவில், சரிவுக்குக் குறுக்கே, விளிம்பை ஊன்றி நின்றாள்.

"கொழுவியைப் பூட்டுங்கோ அண்ணை," என்றாள். "வேறை சப்பாத்து நாங்கள் கொண்டு வரேல்லை."