பிளேடுக்குத் தடை

மடத்தில் தங்கியிருந்த பெரியவர் மாசிலாமணிக்கு அங்கே வைத்திருந்த பெயர் பிளேடு. அவர் தலை தெரிந்தாலே, “பிளேடு வருது” என்று ஆளாளுக்கு நழுவுவார்கள். வாயைத் திறந்தால், “கிளாஸ் ஆரம்பிச்சாச்சு” என்பார்கள். சும்மா சொல்லவில்லை. காலமெல்லாம் அடுப்படியில் வெந்த சமையல்காரி வெள்ளைத்தாய்க்கே இஞ்சி நசுக்குவது எப்படி என்று விளக்கிய மனுஷன் அவர். அதுவும் எல்.கே.ஜி. பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்தி.

ஒருநாள் அந்தப் பேச்செல்லாம் அவர் காதிலேயே விழுந்துவிட்டது. விடுவாரா? நேரே குருவிடம் போனார். குரு தவமணியம்மாள் அவரைவிட வயதில் இளையவர்.

“இனிமே மடத்துல யாரும் அந்த வார்த்தைகளைச் சொல்லக் கூடாதும்மா. நீங்க தடை போடுற வரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன்.”

சொன்னபடியே உட்கார்ந்திருந்தார். சோற்றுக்கும் எழவில்லை. பொழுது சாய்ந்ததும் குரு எல்லோரையும் கூப்பிட்டுத் தடை போட்டார்.

அப்புறம் கேட்கவா வேண்டும்! பால் கறப்பவருக்குக் கறக்கும் விதத்தை விளக்கினார். பூக் கட்டுகிறவளுக்கு முடிச்சை விளக்கினார். எல்லோரும் “சரிங்கய்யா” என்றார்கள். ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. மாசிலாமணிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஆடி மாதத்தில் ஒரு காலை அடுக்களை வாசலில் வந்து நின்றார். அன்றைக்கு எதையும் விளக்க வரவில்லை.

“நாளைக்கு என் வீட்டுக்காரி தவறிப்போன நாள்” என்றார்.

“சரிங்கய்யா” என்றாள் வெள்ளைத்தாய். பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

அவருக்கு இத்தனை பேர் நடுவில் தான் தனியாள் என்பது அப்போதுதான் உறைத்தது. மறுபடியும் குருவின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

“தடையை எடுத்துடுங்கம்மா. பிளேடுன்னே திட்டட்டும். திட்டினப்பவாவது நான் பேசினது அவங்க காதுல விழுந்துச்சு. எடுக்காம நான் எழுந்திருக்க மாட்டேன்.”

“எடுத்துடலாம்” என்றார் குரு. “வெள்ளைத்தாய் வீட்டுக்காரரும் இப்ப இல்லையே. அவர் எப்போ போனார், எப்படிப் போனார்?”

மாசிலாமணி தினமும் அந்த அடுக்களையில் போய் நின்றவர்தான். ஒருநாளும் கேட்டதில்லை.

“எனக்குத் தெரியாதும்மா.”

“அதை ஏன் எங்கிட்ட சொல்றீங்க? அடுக்களையில போய்ச் சொல்லுங்க.”