தைரிய லேகியமும் தேள் பானையும்

முன்னொரு காலத்தில் ஏழுமடை நாட்டை வீரகர்ஜன பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டுவந்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். காலையில் ஓர் ஆசை, மாலையில் ஓர் ஆசை என்று ஊரையே ஆட்டிவைத்தார். அவருக்கு மந்திரி குணபத்திரர். மகா புத்திசாலி, ஆனால் வீட்டுப் பூனை சற்று உரக்கக் கத்தினாலே பரண்மேல் ஏறிவிடுவார்.

ஒருநாள் அரண்மனை வைத்தியர் ஆரவாரப் பண்டிதர் ஒரு ஜாடியோடு சபைக்கு வந்தார். மந்திரியைக் கண்டாலே வயிறு எரிகிற மனுஷர் அவர்.

"மன்னர் மன்னா! இது தைரிய லேகியம். ஓர் உருண்டை தின்றால் எலிக்கும் சிங்கத்தின் நெஞ்சு வந்துவிடும். பத்துப் பேருக்குக் கொடுத்துப் பார்த்தேன். பத்துப் பேரும் மதயானைக்கு முன்னால் மார்தட்டி நின்றார்கள்!"

ராஜா துள்ளி எழுந்தார். "அப்படியா! வருகிற வெள்ளிக்கிழமை சபை முழுவதும் லேகியம் தின்றுவிட்டுக் காட்டுக்குப் போவோம். வெறுங்கையால் புலியைப் பிடித்து வருவோம்!"

"ஆகா! ஆகா!" என்றது சபை.

குணபத்திரர் மெல்ல எழுந்தார். "கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமே, மன்னா" என்றார்.

"மந்திரியாருக்குச் சந்தேகம் போலிருக்கிறது" என்று பண்டிதர் இழுத்தார். "அவரையே முன்னால் அனுப்பினால் தீர்ந்துவிடும்."

"நல்ல யோசனை! புலியின் வாலை மந்திரி பிடிக்கட்டும். நாம் பின்னால் நின்று பார்ப்போம்!"

மந்திரிக்குத் தன் சாவு வரியும் வாலுமாகக் கண்முன் நின்றது. பாவம், என்ன செய்வார்? ஆனால் பயம் வந்தால்தான் அவர் மூளை நன்றாக வேலை செய்யும்.

"பண்டிதரே, அந்தப் பத்துப் பேர் யார்?"

"நம் மல்யுத்தக் கூடத்துப் பயில்வான்கள்."

"லேகியம் தின்பதற்கு முந்தைய நாள் யானையைக் கண்டால் ஓடுவார்களோ?"

"ஓடுவதாவது! யானையே ஓடும்!" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் பண்டிதர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ராஜா தாடியைச் சொறிந்தார். "அப்படியானால் எப்படித்தான் தெரிந்துகொள்வது?"

"புதன்கிழமைக்குள் தெரிந்துவிடும், மன்னா" என்று மந்திரி கிளம்பினார்.

மடைப்பள்ளி, வண்ணான் துறை, பூந்தோட்டம் எல்லா இடத்திலிருந்தும் சீட்டுக் குலுக்கி இருபது பேரை எடுத்தார். மறுபடி சீட்டுக் குலுக்கி அவர்களை இரண்டாகப் பிரிக்கும் வேலையை ஓர் எழுத்தரிடம் விட்டார். பத்துப் பேருக்கு லேகியம். மற்ற பத்துப் பேருக்கு அதே நிறத்தில், அதே கசப்பில், புளியும் வெல்லமும் வேப்பிலையும் இடித்த உருண்டை. யார் எதைத் தின்றார்கள் என்ற ஓலையைச் செம்புக்குள் போட்டு அரக்கு வைத்தாயிற்று. எழுத்தரை மாமனார் வீட்டுக்கு வண்டியேற்றி அனுப்பியாயிற்று.

"யாருக்கு எது என்று எனக்காவது தெரிய வேண்டாமா?" என்றார் ராஜா.

"வேண்டாம், மன்னா. தங்கள் முகமே காட்டிக்கொடுத்துவிடும்."

"பண்டிதருக்கு?"

"தெரியாது."

"உமக்கு?"

"எனக்கும் தெரியாது."

"ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாவிட்டால் இந்த நாட்டை யாரய்யா நடத்துவது?"

"வழக்கம்போல நடக்கும், மன்னா."

புதன்கிழமை சபை நடுவே ஒரு பானையை வைத்து, உள்ளே தேள் இருக்கிறது என்று சொன்னார்கள். இருந்தது தேங்காய் நார். கையை உள்ளே விட வேண்டும். வெளியே எடுக்கும்வரை ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள். எத்தனை எண்ணிக்கையோ அத்தனை தைரியம். இருபது பேரும் கையை விட்டார்கள். இருபது பேரும் நூறு எண்ணும்வரை எடுக்கவே இல்லை!

"பார்த்தீர்களா என் லேகியத்தை!" என்று பண்டிதர் குதித்தார்.

செம்பின் அரக்கை உடைத்து ஓலையைப் படித்தார்கள். பாதிப் பேர் தின்றது வேப்பிலை உருண்டை.

"அதன்மேல் என் மூச்சுக்காற்று பட்டிருக்கும்" என்றார் பண்டிதர்.

வேப்பிலை தின்ற சமையற்காரன் முத்திருளனை ராஜா கூப்பிட்டார். "உனக்கு எங்கிருந்தடா இவ்வளவு தைரியம்?"

"தைரியமா? நல்லாக் கேட்டீங்க, சாமி! தேளு கொட்டுனா ஒரு நாள் வலி. நீங்க வாள்மேல கைய வச்சுக்கிட்டுப் பக்கத்துலயே நின்னீங்க. கைய எடுத்தாக் கழுத்துல்ல போயிரும்!"

ராஜா சபையைப் பார்த்து, "புலி பிடிக்க யாருக்கெல்லாம் ஆசை?" என்றார்.

"எனக்கு! எனக்கு!" என்று நாற்பது குரல் எழுந்தது.

ராஜா குனிந்து பார்த்தார். கை வாளின்மேல்தான் இருந்தது. வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். "மந்திரியாரே, இவர்கள் மனசில் உள்ளதை எப்படிக் கேட்பது?"

மந்திரி ஒரு திரை கட்டி, பின்னால் ஒரு குடம் வைத்தார். புலி பிடிக்கப் போக ஆசையென்றால் புளியங்கொட்டை, வேண்டாமென்றால் ஆமணக்கு விதை. தனியாக உள்ளே போய்ப் போட்டுவிட்டு வரவேண்டும். யார் எதைப் போட்டார் என்ற விசாரணையே கிடையாது.

குடத்தைக் கவிழ்த்தால் அத்தனையும் ஆமணக்கு!

"பண்டிதரே, உம் லேகியத்தை நீரே நம்பவில்லையா?" என்றார் ராஜா. சபை சிரித்த சிரிப்பில் பண்டிதர் கூனிக் குறுகிப்போனார். மிச்ச லேகியத்தை வேளைக்கு மூன்று உருண்டையாக அவரே தின்று தீர்க்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டார்.

மந்திரிக்கு மட்டும் ஒரு குழப்பம். விதைகளை மறுபடி எண்ணினார். "சபையில் நாற்பது பேர், மன்னா. விதை நாற்பத்தொன்று இருக்கிறது. யாரோ இரண்டு போட்டுவிட்டார்கள்."

ராஜா அவர் காதருகே குனிந்தார். "உரக்கச் சொல்லாதீர், ஐயா. கூட்டத்தோடு கூட்டமாக நானும் ஒருதரம் உள்ளே போய் வந்தேன்."

அந்த வெள்ளிக்கிழமை காட்டில் புலியும் சுகமாக இருந்தது. அரண்மனையில் ராஜாவும் சுகமாக இருந்தார்.