மேற்கு வீட்டுக் கூரை

சித்திரை பாதி தாண்டினால் மலையடிவாரத்தில் சூறைக்காற்று வரும். கொஞ்ச நேரம்தான் வீசும். அதற்குள் வாழைத் தோட்டங்கள் படுத்துவிடும். தகரக் கூரைகள் பறந்து தெரு மாறி விழும். பறக்கும் தகரம் சுவரைப் பிளக்கும், ஆளையும் அறுக்கும். சூளை முதலாளியின் மாடி வீட்டுக்கு மட்டும் ஒன்றும் ஆவதில்லை.

சூளைத் தெருவின் கடைசியில் உலகம்மை என்று ஒரு துறவி இருந்தார். திருநீறு கொடுக்க மாட்டார், காணிக்கை வாங்க மாட்டார். ஆகவே கூட்டமும் கிடையாது. ஒரே சீடர் ஆவுடையப்பன், செங்கல் சூளைத் தொழிலாளர் சங்கத்தின் பழைய தலைவர். குருவைவிட வயதில் மூத்தவர். அவர் குருவை அம்மா என்பார், குரு அவரை அண்ணாச்சி என்பார்.

அந்தக் கோடையில் ஆவுடையப்பனின் மகள் செண்பகம் பிரசவத்துக்கு வந்திருந்தாள். மேற்கு ஜன்னலோரம் அவளுக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். எந்த நேரமும் வலி எடுக்கலாம்.

ஆவுடையப்பன் கூரையை இழுத்துக் கட்டினார். முருங்கைக் கிளைகளைக் கழித்தார். குடத்தில் தண்ணீர், விளக்கில் எண்ணெய், எல்லாம் நிரப்பியாகிவிட்டது. ஆனாலும் மனம் அடங்கவில்லை. குருவை அழைத்து வந்தார்.

"அம்மா, இந்த வீடு காத்தைத் தாங்குமா?"

உலகம்மை ஒரு கம்பால் தகரத்தைத் தட்டிப் பார்த்தார்.

"கட்டு நல்லாயிருக்கு. ஒத்தையிலயா கட்டினீங்க?"

"ஒத்தையில எப்படி முடியும்? மேலே ஒருத்தர் ஓட்டை வழியா கம்பியை விடணும். உள்ளே ஒருத்தர் அதைப் பிடிச்சு சட்டத்துல சுத்தி முறுக்கணும். ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி மருமகன் மேலே நின்னாரு."

உலகம்மை மேற்கு ஜன்னலைத் திறந்தார். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் அடுத்த வீடு. அதன் கூரையில் கட்டு இல்லை. தகரத்தின் மேல் கற்களை ஏற்றி வைத்திருந்தார்கள்.

"அங்கே ஏன் கட்டலை?"

"அது மாடக்கண்ணு வீடு."

"யார் வீடுன்னு கேட்கலையே."

 கூலி உயர்வு கேட்டுச் சூளையில் வேலைநிறுத்தம் நடந்தபோது, பின்வாசல் வழியாக வேலைக்குப் போனவன் மாடக்கண்ணு. போராட்டம் தோற்றது. அது நியாயமான போராட்டம், அதில் இரண்டு கருத்து இல்லை. "இனி அவன் வீட்டுக்கு எவரும் கைகொடுக்கக் கூடாது" என்று தெருவில் கூடிய சங்கக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் ஆவுடையப்பன். எல்லாரும் கை தூக்கினார்கள். சங்கம் போட்ட தீர்மானங்களில் தெரு விடாமல் காப்பாற்றி வருவது அது ஒன்றைத்தான்.

"காத்து எந்தப் பக்கமிருந்து வரும், அண்ணாச்சி?"

"மேற்கேயிருந்து."

உலகம்மை வாசலுக்கு வந்தார். மிச்சமிருந்த கம்பிச் சுருளைத் தோளில் மாட்டினார். சாத்தியிருந்த ஏணியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

"அம்மா, அது என் ஏணி."

"தெரியும்."

மாடக்கண்ணு வெளியே வந்து பார்த்தான்.

"அட! தலைவர் வீட்டு ஏணிக்கு என் வாசல் எப்படித் தெரிஞ்சுது?"

"மேலே ஏறுங்க. கல்லை இறக்கிட்டுக் கம்பி கட்டுவோம்."

"ஏறலாம். உள்ளே முறுக்க யாரு? என் பெஞ்சாதி போய்ச்சேர்ந்ததுலேருந்து இந்த வீட்டுக்குள்ளே வேற ஆள் கால் வைக்கலை. கல்லுக்குத்தான் யாரும் தீர்மானம் போடலை. அதனால அது வந்து உட்கார்ந்திருக்கு."

"ஏறுங்க."

உலகம்மை ஏணியைப் பிடித்துக்கொண்டார். மாடக்கண்ணு ஏறிக் கற்களை இறக்கினான். மேற்கு வானம் கறுத்து வந்தது. எங்கோ ஒரு கதவு அடித்தது. அவன் தகரத்தின் ஓட்டையில் கம்பியை விட்டான். உள்ளே பிடிக்க ஆளில்லை. கம்பி சும்மா ஆடியது.

ஆவுடையப்பன் தம் வாசலிலேயே நின்றார்.

"அம்மா, நீங்க உள்ளே போங்களேன். ஏணியை நான் பிடிக்கிறேன்."

"ஏணி வெளியே இருக்கு, அண்ணாச்சி. அதை யார் வேணும்னாலும் பிடிப்பாங்க."

"தலைவரே, யோசிச்சு முடிவு பண்ணுங்க" என்றான் மாடக்கண்ணு மேலேயிருந்து. "வேணும்னா ஒரு கூட்டம் போடுங்க. காத்து அதுவரைக்கும் நிக்கும்."

கல் நீங்கிய தகரம் ஒருமுறை எழும்பி அடங்கியது. அவன் அதன்மேல் குப்புறப் படுத்து அழுத்தினான்.

ஜன்னலுக்கு உள்ளேயிருந்து செண்பகத்தின் குரல் வந்தது. "அப்பா, அது என்ன சத்தம்?"

ஆவுடையப்பன் அந்தத் தகரத்தைப் பார்த்தார், அதற்கு நேரே இருந்த மகளின் ஜன்னலைப் பார்த்தார். குருவைப் பார்த்தார்.

"நான் கேட்டது என் வீட்டைப் பத்தி, அம்மா!"

"உங்க வீட்டுக் கம்பிதான் அது. அங்கே உள்ளே தொங்குது. போய்ப் பிடிங்க."