சிங்காரவேலுவின் வயர்

முனை ஒரே மாதிரி இருந்தால் எல்லா வயரும் ஒரே வேலையைச் செய்யும்னா நெனைக்கிறீங்க?

எங்கள் மில்லுக்குப் புதிதாக வந்த மேனேஜர் தணிகாசலம் அப்படித்தான் நினைத்தார். செத்துப்போன கிளார்க் சிங்காரவேலுவின் அறையைத் தனக்கு எடுத்துக்கொண்டு, அங்கிருந்த பெரிய மானிட்டரையும் தன் லேப்டாப்பையும் ஒரு வயரால் இணைத்தார். லேப்டாப்பில் சார்ஜ் ஏறியது. மானிட்டரோ ஒரு நொடி நீலமாக விழித்துப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. மறுபடி விழித்தது, மூடியது.

"உயிர் ஏறுது, உருவம் வரலையே" என்று முனகினார் கதவோரம் நின்ற வாட்ச்மேன்.

மேனேஜர், கூட்டிப் பெருக்கும் குணவதிமேல் பாய்ந்தார். "துடைக்கிறேன்னு நீதான் எதையோ கெடுத்துட்டே. பத்து நிமிஷத்துல மொதலாளியோட மீட்டிங். அதுக்குள்ள படம் வரலைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

குணவதி அந்த ஒல்லி வயரைத் தடவிப் பார்த்தாள். "இது சார்ஜ் மட்டும் ஏத்துறதுங்க ஐயா. படம் போற தடி வயர் வேற. அதை எடுத்தவரைத்தான் சிங்காரவேலு ஐயா கண்ணைத் தொறந்து தொறந்து தேடுறாரு போல."

"யாரு எடுத்தது?"

"ஆயுதபூசைக்கு நான்தான் அதுக்குச் சந்தனம் குங்குமம் வெச்சேன். கறை போயிருக்காதுங்க."

எல்லார் கண்ணும் மேனேஜரின் செல்போனுக்குப் போனது. அதில் சார்ஜுக்கு மாட்டியிருந்த தடி வயரின் முனையில் காய்ந்த குங்குமம்.

அவரே அதைக் கழற்றி மானிட்டரில் மாற்றிச் சொருகினார். படம் பளிச்சென்று வந்தது. மூலையில் கிடந்த சிங்காரவேலுவின் சுழல் நாற்காலி, யாரும் தொடாமலே, கிரீச்சென்று மானிட்டர் பக்கம் திரும்பியது.

குணவதி துடைப்பத்தோடு கிளம்பினாள்.

"அம்மா குணவதி, மீட்டிங் முடியிற வரைக்கும் இங்கேயே பெருக்கிக்கிட்டு இரும்மா" என்றார் மேனேஜர்.