புல்லுக்கட்டுக்குக் கீழே

"நான் ஓட்டாத வண்டிக்கு நான் எப்படிக் குற்றவாளி ஆவேன்?"

வந்ததும் வராததுமாகத் தீர்த்தகிரி இதைத்தான் கேட்டார்.

ஓசூர்ப் பக்கம் லாரி ஓட்டக் கற்றுத்தருகிறவர் வேதநாயகி. தீர்த்தகிரி அவரிடம் படித்தவர். வயதில் இரண்டு வருஷம் மூத்தவர்தான், ஆனாலும் மனசு கலங்கினால் வந்து நிற்பது இங்கேதான்.

வேதநாயகி ஒரு லாரியின் முன்கண்ணாடியைத் துடைத்தபடியே கேட்டுக்கொண்டார்.

இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டியவர் தீர்த்தகிரி. வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. எட்டு மாதத்துக்கு முன் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். அங்கே தொழிலாளர்களை ஏற்றி இறக்க ஒரு வேன் இருந்தது. தானே ஓடும், தானே திரும்பும், தானே நிற்கும். ஆபத்துக்கு ஒரு ஆள் இருக்கட்டும் என்று அவரை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தார்கள்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் அந்த வேன் ஒரு பெண்ணை இடித்துவிட்டது.

இயந்திரத்தில் பிழை இல்லை என்று கம்பெனி அறிக்கை எழுதியது. இருக்கையில் இருந்தவர் கவனிக்கவில்லை என்று முடித்தது. நாளைக்கு அதில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். போடாதீர்கள், ஓட்டியது நானில்லை என்று மட்டும் சொல்லுங்கள் என்கிறார் வக்கீல்.

"ஓட்டும்போது பேரு அதுக்கு. இடிச்சதும் பேரு எனக்கு. இதென்ன நியாயம் டீச்சர்?"



வேதநாயகி துணியைப் பிழிந்து காயப்போட்டார்.

"அந்தம்மாவைப் போய்ப் பார்த்தீங்களா அண்ணா?"

பார்க்கவில்லை. போனால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமாம். தவிரவும், போக வேண்டியது கம்பெனிக்காரன் அல்லவா?

வேதநாயகி செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வாங்க, போகலாம்."

மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த சின்னபாப்பாவுக்கு ஐம்பது வயது இருக்கும். இடுப்பெலும்பு முறிந்து, காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். இரண்டு மாடு வைத்துப் பிழைக்கிறவர். புல் அறுத்துத் தலையில் சுமந்து சாலையோரமாக வந்தபோதுதான் வேன் இடித்தது.

வந்தவர்கள் யார் என்று அவர் கேட்கவில்லை. சொல்வதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்தவர்போல ஆரம்பித்துவிட்டார். கம்பெனியிலிருந்து ஒருத்தர் பழக்கூடையோடு வந்தாராம். வண்டியை யார் ஓட்டினது என்று கேட்டதற்கு, யாருமே ஓட்டவில்லை என்றாராம். புல்லுக்கட்டு முகத்தை மறைத்ததால் வண்டி அவரைச் செடி என்று நினைத்துக்கொண்டதாம். சிரித்துக்கொண்டே சொன்னாராம்.

"யாருமே ஓட்டலைன்னா என்னை இடிச்சது யாரு? நான் யாரைத் திட்டறது? அந்தக் கூடையையா?"

தீர்த்தகிரி வேதநாயகியைப் பார்த்தார். அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த சீட்டுல நான்தாம்மா இருந்தேன்."

சின்னபாப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு திட்டத் தொடங்கினார். அவரை, அவர் ஊரை, கம்பெனியை, கம்பெனிக்கு நிலம் விற்றவனை. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆளில்லை என்று சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது. தீர்த்தகிரி தலை குனிந்து நின்றார். ஒரு சொல்லையும் மறுக்கவில்லை.

மூச்சு வாங்கியபின் சின்னபாப்பா கேட்டார்.

"உனக்கும் நான் செடியாத்தான் தெரிஞ்சனா?"

கம்பெனி விசாரணையில் யாரும் கேட்காத கேள்வி.

"இல்லம்மா. புல்லுக்கட்டு நடந்து வந்தா கீழ ஆள் இருக்கும்னு தெரியாதா? தூரத்துலயே பார்த்துட்டேன். கால் தானா பிரேக்குக்குப் போயிடுச்சு."

"அப்புறம்?"

அடுத்து நடந்ததைத் தீர்த்தகிரி வக்கீலிடம் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. சேர்ந்த புதிதில் ஏழு தடவை பிரேக்கை மிதித்தார். ஏழு தடவையும் மெமோ கொடுத்தார்கள். அவசியமில்லாமல் தலையிடுகிறார் என்று எழுதினார்கள்.

"இன்னொரு தடவை மிதிச்சா வேலை இல்லைன்னாங்க. காலை எடுத்துட்டேம்மா."

சின்னபாப்பா இப்போது கத்தவில்லை.

"எடுன்னாங்கன்னு எடுத்துட்டியா?"

தீர்த்தகிரி மறுபடியும் வேதநாயகியின் பக்கம் திரும்பினார்.

"என்னை ஏன் பார்க்கிறீங்க அண்ணா? கேட்டது அவங்க."

மறுநாள் கம்பெனியில் காகிதத்தை நீட்டினார்கள்.

தீர்த்தகிரி 'கவனிக்கவில்லை' என்ற சொல்லை அடித்தார். அதற்கு மேலே, 'பார்த்தேன். காலை எடுத்துவிட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஏழு மெமோவையும் அதோடு சேர்த்துக் குண்டூசி குத்தினார்.

மேலாளர் படித்தார். முகம் மாறியது. இப்படி எழுதினால் கம்பெனி மேல் மட்டுமில்லை, உங்கள் மேலும் வழக்கு வரும் என்றார்.

"வரட்டும் சார். இடிச்சது வண்டி இல்ல, ஆளுங்கதானே."