காத்தே இல்லாம சத்தம் போட்ட டின்

ஒரு ஊர்ல, காலைல ஆறு மணிக்கு, நாப்பது காலி டின்னைக் கயித்துல கோத்து வயலைச் சுத்திக் கட்டிட்டு, இடுப்புல கைய வச்சுக்கிட்டு நின்னாரு அய்யாக்கண்ணு. எந்த டின்னுங்கிறியா? கூல்டிரிங்ஸ் குடிச்சிட்டுத் தூக்கிப் போடுவாங்களே, அந்த அலுமினிய டின். அப்போ மார்கழி மாசம். நெல்லுல பால் பிடிக்கிற நேரம். குருவி வந்து உறிஞ்சிட்டா வெறும் பதர்தான். காத்தடிச்சா டின்னு ஒன்னோட ஒன்னு மோதிக் கடகட, கடகடன்னு சத்தம் போடும், குருவி பறந்துடும். அத்தை கதை சொல்றப்போ நீ ம் சொல்லு.

"ம்."

அப்போ சைக்கிள்ல செங்கமலம் வந்தா. ரோட்டோரம், கல்யாண மண்டபத்துப் பின்பக்கம்னு டின் பொறுக்கிக் காயலான் கடையில போடுறவ.

"அண்ணே, மழையில கயிறு இத்துப் போயி ஒவ்வொன்னா வயல்ல விழும். எனக்குக் குடுத்துடுங்க. உருக்கி மறுபடி பாத்திரம் பண்ணுவாங்க."

"உனக்குத்தான் அது டின்னு. எனக்கு நாப்பது காவக்காரன். சம்பளம் கேக்காத காவக்காரன். போ தாயி."

"விழுந்ததையாவது எடுத்து வைங்கண்ணே."

"பாப்போம், பாப்போம்."

அப்புறம் ஒரு மழை. ஒரு டின் அறுந்து வரப்புல விழுந்துச்சு. அய்யாக்கண்ணு பாத்தாரு. அப்புறமா எடுத்துக்கலாம்னு போயிட்டாரு. டின்னுக்குள்ள கொஞ்சம் தண்ணி. அந்தத் தண்ணிக்கு ஒரு குட்டித் தவளை போச்சு, பொளக்குன்னு. தவளையத் தேடி யாரு வருவா?

"பாம்பு."

பாம்பேதான். அந்த வயல்ல ஒரு சாரைப்பாம்பு இருந்துச்சு. விஷம் கிடையாது. எலி பிடிச்சுத் தின்னும். அய்யாக்கண்ணுக்கு அதைப் பல வருஷமாத் தெரியும். வரப்புல வெயில் காஞ்சுக்கிட்டுக் கிடந்தா, "படு, படு"ன்னு சொல்லிட்டு இவரு இறங்கிச் சுத்திப் போவாரு. அந்தச் சாரை டின்னு வாய்க்குள்ள தலைய விட்டுச்சு. தலை போயிடுச்சு. திரும்ப வரலை. பாம்புக்குச் செதில் பின்பக்கமாப் படிஞ்சிருக்கும். இழுக்க இழுக்க விளிம்பு செதிலுக்கு அடியில குத்தும். உள்ள ஒரே இருட்டு. டங், டங்னு முட்டிக்கிட்டே வயலுக்குள்ள போயிடுச்சு.

"செத்துடுமா அத்தை?"

கேளு.

மொத நாள், நெல்லுக்குள்ள டங், டங். அய்யாக்கண்ணு டீக்கடையில, "நம்ம காவக்காரன் வேலைய கேட்டீங்களா?"ன்னு ஒரு டீ கூடவே குடிச்சாரு. ரெண்டாம் நாள், டங், டங். ஆனா கதிரெல்லாம் நறுக், நறுக்னு வெட்டிக் கிடந்துச்சு. எலி. "சாரை எங்க போய்த் தொலைஞ்சுது? வேற வயல்ல வேலைக்குச் சேந்துடுச்சோ?"ன்னாரு. மூணாம் நாள் சத்தம் இளைச்சுப் போச்சு. ட...ங். ரொம்ப நேரம் கழிச்சு இன்னொரு ட...ங்.

அப்போ செங்கமலம் சைக்கிளை நிறுத்தினா.

"அண்ணே, டின்னு சத்தம் கேக்குது."

"கேக்கத்தானே கட்டினேன்."

"காத்தே இல்லையேண்ணே."

அய்யாக்கண்ணு நிமிந்து தென்னை மரத்தப் பாத்தாரு. ஒரு கீத்து ஆடலை. கயித்துல டின்னெல்லாம் சும்மா தொங்குது. சத்தம் நெல்லுக்குள்ளேருந்து வருது. விலக்கிக்கிட்டுப் போனாரு. பாத்தாரு. அப்படியே சேத்துல உக்காந்துட்டாரு.

"ம்... அப்புறம்?"

அப்புறம் அவரு உடம்பைப் பிடிச்சுக்கிட்டாரு, அவ டின்னைப் பிடிச்சு இழுத்தா. ரத்தம் வந்துச்சு. "விடுங்கண்ணே, தோல் உரியுது." அப்புறம் டீக்கடையில எண்ணெய் வாங்கியாந்து ஊத்தினாங்க. வழுக்கினது இவங்க கைதான். அப்புறம் செங்கமலம் மூட்டை கட்டுற கயித்தை வெட்ட வச்சிருந்த கத்தரியை எடுத்தா.

"வெட்டுமா தாயி?"

"இரும்பா இருந்தா வெட்டாது. இது மெல்லிசு."

சரக், சரக். பக்கமெல்லாம் வெட்டி எடுத்தாச்சு. தலை தெரியுது. கழுத்துல மூடி மட்டும் வளையம் மாதிரி நிக்குது. கத்தரி கொஞ்சம் தப்பினாலும் கழுத்து.

"அண்ணே, மூச்சு விடாம பிடிங்க."

"நான் எங்க விட்டேன்."

சரக். மூடி பிளந்துச்சு. சாரை அசையலை. அய்யாக்கண்ணு உள்ளங்கையில தண்ணி மோந்து சொட்டுச் சொட்டா விட்டாரு. அப்போ நாக்கு வெளிய வந்துச்சு. ஒரு தடவை. அப்புறம் இன்னொரு தடவை. அப்புறம் சரசரன்னு நெல்லுக்குள்ள போயிடுச்சு.

"நீ அன்னிக்கே கேட்ட."

"கேட்டேன்."

அவரு வயலைச் சுத்திக் கட்டின டின்னோட முடிச்சை அவுக்க அவுக்க, அவ ஒவ்வொன்னா மிதிச்சா. நச், நச், நச். இனி எந்தத் தலையும் உள்ள போகாது.

"குருவிக்கு என்ன பண்ணுவீங்கண்ணே?"

"நானே நிக்கிறேன். நானும் சம்பளம் கேக்க மாட்டேன்."

"அத்தை, வெட்டின டின்?"

அதுவும் மூட்டைக்குள்ள போச்சு. கிழிஞ்சதோ நசுங்கினதோ, உலையில போட்டா எல்லாம் ஒன்னா உருகிடும். அப்புறம் தகடு, தகட்டுலேருந்து தூக்குச்சட்டி. அது பழசானா மறுபடி உருக்கலாம். வரப்புல கிடந்தா மட்டும், நீ கிழவி ஆகுற வரைக்கும் வாயைத் திறந்துக்கிட்டே கிடக்கும். தூங்கிட்டியா?

"...ம்."

தை மாசம் இருபதாம் தேதி அறுப்பு. எலி தின்னது போக மிச்ச நெல்லு வந்துச்சு. அய்யாக்கண்ணு புதுத் தூக்குல கஞ்சி கொண்டு போனாரு. வரப்புல சாரை படுத்திருந்துச்சு, கழுத்துல ஒரு தழும்போட. அவரு இறங்கிச் சுத்திப் போனாரு.

கதை வளைக்குள்ள போயிடுச்சு, நீ போர்வைக்குள்ள போ.